நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால்

கீர்த்திகன்: எங்க ஒளிச்சிருக்கிறீர்? என்ர ராடரில ஒண்டையும் காணேல்லை.

கோபிகா: காணாட்டி நான் சரியாப் பறக்கிறன்.

கீர்த்திகன்: கொம்பியூட்டர் விளையாட்டு எண்டாலும் சண்டை விமானமெல்லே? கிட்ட வந்து, வளைச்சு, பின்னால பிடிச்சுச் சுடவேணும்.

கோபிகா: இப்பத்தைய விமானிகள் எதிரியைக் கண்ணால காணுறதே குறைவு. நாப்பது கிலோமீற்றரில ஏவுகணையை விட்டிட்டுத் திரும்பிடுவினம்.

கீர்த்திகன்: நாப்பதில விட்டா நான் திரும்பி ஓடுவன். உம்மட ஏவுகணை எரிபொருள் முடிஞ்சு கடலுக்க விழும். நேற்று ரெண்டு விழுந்தது.

கோபிகா: மூண்டாவது விழேல்லையே.

கீர்த்திகன்: அது... தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனான்.

கோபிகா: கனடாவில காலமை கோப்பி எண்டெல்லே சொன்னனீர்?

கீர்த்திகன்: ரெண்டும் குடிக்கிறனான். கொழும்பு ஆய்வுகூடக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் விசாரணை வைக்கிறவையோ?

கோபிகா: சும்மா கேட்டனான்.

கீர்த்திகன்: கோபிகா... இண்டைக்கு ஒருக்காக் கிட்ட வாருமன்.

கோபிகா: ஏன் இண்டைக்கு?

கீர்த்திகன்: நாளையில இருந்து நான் வரமாட்டன்.

கோபிகா: ஞாயிற்றுக்கிழமையிலயும் ஏலாதோ?

கீர்த்திகன்: ஏலாது. வேலை மாறுது. கொம்பியூட்டரும் இருக்காது.

கோபிகா: ஆறு மாசம், கீர்த்தி. ஒரு நாளைக்கு நான் வாய் திறந்து கதைக்கிறது இந்த ஒரு மணித்தியாலம்தான்.

கீர்த்திகன்: உம்மட ஆய்வுகூடத்தில ஆக்கள் இல்லையே?

கோபிகா: இருக்கினம்... கதைக்கிறேல்லை.

கீர்த்திகன்: அப்ப வாரும்.

கோபிகா: கிட்ட வந்தா வளைஞ்சு வளைஞ்சு வேகம் எல்லாம் போயிடும். பிறகு ஓட நினைச்சாலும் ஓடேலாது.

கீர்த்திகன்: ஏன் ஓடவேணும்?

கோபிகா: ...சரி. வலப்பக்கம் பாரும்.

கீர்த்திகன்: ஐயோ! இவ்வளவு கிட்டவோ?

கோபிகா: பாத்துக்கொண்டு நிக்காதையும். வளையும்! உமக்குப் பின்னால வந்திட்டன்.

கீர்த்திகன்: பொறும், பொறும்... இப்ப ஆர் ஆருக்குப் பின்னால?

கோபிகா: நீர்தான் எனக்குப் பின்னால. சுடும்.

கீர்த்திகன்: ...

கோபிகா: ஏன் சுடேல்லை?

கீர்த்திகன்: நீர் முதல் ஏன் சுடேல்லை?

கோபிகா: சுட்டா முடிஞ்சிடும்.

கீர்த்திகன்: ஓம்... கோபிகா, நான் ஒரு பொய் சொன்னனான்.

கோபிகா: சொல்லும்.

கீர்த்திகன்: நான் கனடாவில இல்லை. விசா இப்ப வரும், இப்ப வரும் எண்டு... போகப்போற இடத்தை முதலே சொல்லிப்போட்டன். விசா போன கிழமைதான் வந்தது. நாளைக்குத்தான் மெய்யாப் போறன். கோவமோ?

கோபிகா: நீர் அங்க இல்லையெண்டு தெரியும். உம்மட ஊர் கரம்பொன். வீட்டில பச்சைப் படலை.

கீர்த்திகன்: ஆர் சொன்னது?

கோபிகா: பாண்காரன்.

கீர்த்திகன்: என்ன?

கோபிகா: அவன் எங்கட வீட்டடியால பாண் விக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவான். இருபது நிமிசத்தில அதே பாட்டு உம்மட மைக்கில கேக்கும். ஒருநாள் சைக்கிளில அவனுக்குப் பின்னால வந்தனான். நீர் படலையைத் திறந்து ஒரு றாத்தல் பாண் கேட்டனீர். குரல் இதுதான்.

கீர்த்திகன்: அப்ப நீர் கொழும்பில...

கோபிகா: கொழும்பும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. அந்த வேலைக்கு விண்ணப்பம் மட்டும்தான் போட்டனான்.

கீர்த்திகன்: படலை வரைக்கும் வந்தனீர். ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமே?

கோபிகா: பிறகும் ரெண்டு தரம் வந்தனான். வாய் வரேல்லை, சைக்கிளைத் திருப்பிட்டன். இண்டைக்கு வந்தாலும் திருப்பிடுவன். நீர் வாரும், கீர்த்தி. பக்கத்து ஊர்தான், சரவணை. பள்ளிக்கூடத்துக்குப் பின் ஒழுங்கையில கடைசி வீடு. வெளி லைற்றைப் போட்டுவிடுறன்.