அடுப்பைப் பற்றவைத்த பிறகு

– துணி எங்க போயிடப் போகுது? அப்புறம் மடிங்க அண்ணி. அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை படிங்க. மனசே ஆறல எனக்கு.

– ஒரு தடவை கேட்டது போதும். உன் புள்ளைக்கு ஸ்வெட்டரைப் போட்டு விடு.

– தூங்குற புள்ளைக்கா? நல்லா இருக்கே! நான் சொல்றேன் பாருங்க, இந்த எழுத்தாளருக்கு ஈவு இரக்கமே கிடையாது. பாவம், நிலத்தைப் பறிகொடுத்துட்டு, ஊர் ஊரா அலைஞ்சு, யாரோட தோட்டத்துலயோ பழம் பறிக்க வந்த சனம். நம்மள மாதிரியே. கடைசில தகரக் கொட்டகையில ஒரு ரூம் கிடைச்சு, அந்தம்மா அடுப்பைப் பத்த வச்சா, பசங்க வயிறு நிறைஞ்சு தூங்கினாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அதோட நிறுத்தித் தொலைக்கக் கூடாது?

– ம். அந்தக் கயித்தை எடு.

– நிறுத்தலையே! மூணு நாள் மழையைக் கொட்ட விட்டு, ஆத்தையும் உடைச்சு விட்டு... தண்ணி வாசப்படி தாண்டாது, ஒருத்தரும் கிளம்பக் கூடாதுன்னு மேஸ்திரி சொன்னானாம். இதுங்களும் தலையாட்டிட்டு உட்கார்ந்திருந்துச்சுங்களாம்.

– உங்க அண்ணன் நம்மள உட்காரச் சொன்ன மாதிரி.

– அண்ணன் மேஸ்திரியோட ஆத்தங்கரையில மணல் மூட்டை அடுக்கப் போயிருக்காரு. லாரியோட வந்து கூட்டிட்டுப் போறேன்னாரே?

– அந்த லாரி என்னாச்சாம்?

– எது, கதையிலயா? கேட் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு, அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

– வாசப்படியில தண்ணி எங்க நிக்குது, எட்டிப் பாரு.

– ரெண்டாவது படி முங்கிடுச்சு. இன்னும் ஒண்ணு இருக்கே. ஏன் அண்ணி முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? கதைக்குப் போயி நீங்களுமா?

– பசங்களை எங்க ஏத்தி வச்சாளாம்?

– உத்திரத்து மேல. ஜன்னல்ல வளைஞ்ச கம்பியில கால் வச்சு ஏறினாளாம். நம்ம ஜன்னல் கம்பியும் வளைஞ்சுதானே கிடக்கு? நேர்ல வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்காரு மனுஷன். ஆனா சரியான சோம்பேறி. "பெரியவளோட கை"ன்னு பாதியில விட்டுட்டாரே! கை என்னாச்சு? வழுக்குச்சா, பிடிச்சாளா? எனக்கு மட்டும் படிக்கத் தெரிஞ்சிருந்தா, இன்னொரு பக்கம் எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு பிரிச்சுப் பார்த்திருப்பேன்.

– ஒட்டல. பார்த்துட்டேன். புள்ளையை முதுகுல வச்சுக் கட்டு. மேட்டுல இருக்கிற பம்ப் ரூமுக்குப் போறோம்.

– இப்பவா? அண்ணன் வந்து தேடுவாரு. மேஸ்திரி வேலையை விட்டே துரத்திடுவான். ஒரு கதையைக் கேட்டுட்டு யாராவது வீட்டைக் காலி பண்ணுவாங்களா அண்ணி?

– இந்தப் புத்தகம் உனக்கு எங்க கிடைச்சுது?

– தூளி கட்ட ஏறினப்போ, உத்திரத்து மேல. எலி படிச்சுட்டு வச்சிருக்கும்னு நீங்கதானே சிரிச்சீங்க?

– அந்த மனுஷன் அடுப்பைப் பத்த வச்ச இடத்துலயே கதையை நிறுத்திட்டாருடி. அடியில "முற்றும்"னு அச்சுல இருக்கு. அதுக்கப்புறம் நான் படிச்சதெல்லாம் பென்சில்ல எழுதினது.