முள் குதிக்கும் வீடு

ஓப்ரென்: நில்லு. அங்கேயே நில்லு, தேசா. ஒரு அடி கூட எடுத்து வைக்காதே.

தேசங்கா: காபி ஆறுது ஓப்ரென். கை வேற சுடுது.

ஓப்ரென்: இசைத்தட்டுல பாட்டு முடிய ரெண்டே நிமிஷம்…

தேசங்கா: என் வீட்டுல நான் நடக்க ரெண்டு நிமிஷம் காத்திருக்கணுமா? இதோ, வந்துட்டேன்…

ஓப்ரென்: போச்சு. முள்ளு குதிச்சிடுச்சு.

தேசங்கா: பூனை மாதிரிதானே நடந்தேன்.

ஓப்ரென்: உன்னைச் சொல்லலை. இந்த மரத்தரை. நீ அடுப்படியில கால் வெச்சா இங்க அலமாரி ஆடுது. அலமாரி ஆடினா முள்ளு பாதிப் பாட்டைத் தாண்டிடுது. ஸ்பாஞ்சு வெச்சாச்சு, டென்னிஸ் பந்தை ரெண்டா அறுத்து அடியில குடுத்தாச்சு…

தேசங்கா: பக்கத்து வீட்டு நாய் இன்னும் அந்தப் பந்தைத் தேடிட்டிருக்கு.

ஓப்ரென்: பெல்கிரேடு ஃப்ளாட்டுல சிமெண்ட் தரை. ஆனை நடந்தாலும் முள்ளு அசையாது. கல்யாணம் பண்ணி இந்த வால்யெவோ ஊருக்கு வந்து நாலு மாசம். ஒரு தட்டு முழுசா கேட்டிருப்பேனா?

தேசங்கா: தட்டு கேக்கத்தான் கட்டிக்கிட்டியா?

ஓப்ரென்: சிரிக்காதே. இது உன் முதல் புருஷன் ராய்கோ கட்டின வீடு. அவன் போட்ட தரை. நான் கால் வெச்சா மட்டும் கத்துது.

தேசங்கா: அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு. பொறாமைப்பட அவருக்கு ஏது நேரம்?

ஓப்ரென்: அவனுக்கு எதுக்குப் பொறாமை? கல்லறையில அவன் பேருக்குப் பக்கத்துலயே உன் பேரையும் வெட்டி வெச்சாச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அவன் வருஷ நினைவுக்கு வந்தப்போ பாத்தேனே. பொறந்த வருஷம், ஒரு கோடு, மீதி காலி. நான் நடுவுல தங்கிட்டுப் போற வாடகைக்காரன்.

தேசங்கா: புருஷன் கல்லுல பொண்டாட்டி பேரும் சேத்து வெட்டறது இங்க எல்லாரும் பண்றதுதானே…

ஓப்ரென்: பண்றதுதான்.

தேசங்கா: ஞாயித்துக்கிழமை மெழுகுவத்தி ஏத்தப் போறப்போ கூப்பிட்டா நீ வர்றதில்லை.

ஓப்ரென்: வந்து? நீ படுக்கப் போற இடத்தை நின்னு பாக்கவா? விடு. இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை பாக்கறேன். சரி வரலைன்னா பாட்டுப்பெட்டியைத் தூக்கிட்டு ஃப்ளாட்டுக்கே போறேன்.

தேசங்கா: பெட்டி மட்டுமா? நீயுமா?

ஓப்ரென்: …பெட்டி தானா பாடாதே.

தேசங்கா: ம். கடைசித் தடவைன்னியே, அது என்ன?

ஓப்ரென்: தரையே வேண்டாம். நடந்தா செங்கல் சுவர் ஆடாதில்ல? அதுல ரெண்டு இரும்பு ஆங்கிள் அடிச்சிட்டேன், பாரு. அதுமேல சைக்கிள் டியூப், பாதிக் காத்தோட. டியூப் மேல நல்ல கனமா ஏதாவது வைக்கணும். பலகைக்கு எடை பத்தாது…

தேசங்கா: கல்லு ஆகுமா?

ஓப்ரென்: கல்லு இருந்தா கேக்கவே வேண்டாம்.

தேசங்கா: கொட்டகையில ஒண்ணு இருக்கு. கம்பளியில சுத்தி வெச்சிருக்கேன்.

ஓப்ரென்: கல்லுக்குக் குளிருமா?

தேசங்கா: வாயை மூடிட்டு வா. கல்லறைக் கல் வெட்டற மிலென்கோ குடுத்தான். மீதியான கிரானைட்டு. அந்தப் பக்கம் பிடி… இல்லை, திருப்பாதே. சொரசொரப்பு மேல, பளபளப்பு கீழ.

ஓப்ரென்: பளபளப்பை யாராவது கீழ வெப்பாங்களா?

தேசங்கா: மேல வெச்சா பெட்டி வழுக்கும். தூக்கு.

ஓப்ரென்: ம்… ஒண்ணு, ரெண்டு…

தேசங்கா: என்ன நின்னுட்ட?

ஓப்ரென்: …ஒண்ணுமில்லை. கனம்.

தேசங்கா: வயசாச்சுன்னு சொல்லு. வாசப்படி இருக்கு, பாத்து.

ஓப்ரென்: டியூப் மேல மெதுவா… மெதுவா விடு. ரசமட்டத்தை எடு. இந்தப் பக்கம் இறங்குது, கொஞ்சம் காத்து இறக்கறேன்… போதும். குமிழி நடுவுல நிக்குதா?

தேசங்கா: நிக்குது.

ஓப்ரென்: பெட்டியை வெச்சாச்சு. தட்டு சுத்துது. முள்ளை விடறேன்… இப்போ நட.

தேசங்கா: நடக்கறேன்.

ஓப்ரென்: இது நடையா? எண்பத்திரண்டு கிலோவும் தரையில இறங்கணும்.

தேசங்கா: எழுபத்தொம்பது.

ஓப்ரென்: குதி.

தேசங்கா: இந்த வயசுலயா… இந்தா. போதுமா? இந்தா, இன்னொண்ணு.

ஓப்ரென்: தேசா… அலமாரியில கண்ணாடி கிளாஸெல்லாம் கலகலங்குது. முள்ளு அசையலை.

தேசங்கா: நிஜமாவா? தள்ளு, நான் பாக்கறேன். நீ குதி.

ஓப்ரென்: இந்தா… இந்தா… என்ன ஆச்சு?

தேசங்கா: பாடுது. அது பாட்டுக்குப் பாடுது. அக்கார்டியன் வருது, ஓப்ரென். இந்த இடத்தை நான் கேட்டதே இல்லை. இதுக்கு முன்னாடிதான் எப்பவும் தாவிடும்.

ஓப்ரென்: கையைக் குடு. கோலோ ஆட்டம் ஆடலாம்.

தேசங்கா: ரெண்டே பேரா? வட்டமே வராதே.

ஓப்ரென்: வர்ற வரைக்கும் வரட்டும். பலமா மிதி. இடது… இடது… வலது… ஒரு பக்கம் முழுசும் ஓடிடுச்சு, தேசா. ஒரு தாவல் இல்லை.

தேசங்கா: இரு… மூச்சு வாங்குது. உக்காரு.

ஓப்ரென்: உக்காந்துட்டேன். தேசா… தூக்கறப்போ விரல்ல எழுத்து தட்டுப்பட்டுது.

தேசங்கா: …எவ்வளவு படிச்ச?

ஓப்ரென்: உன் பேரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. அப்புறம் ஒரு கோடு. இது எப்போ?

தேசங்கா: பிப்ரவரியில. நீ பெட்டியோட வந்து இறங்கறதுக்கு முன்னாடி. மிலென்கோகிட்ட ராய்கோ கல்லுல என் பேர் இருந்த பாதியைக் கழட்டச் சொன்னேன். அந்த இடத்துல ஒரு திராட்சைக்கொடி செதுக்கி வெச்சான். ராய்கோவோட தங்கச்சி அன்னைக்கு நிறுத்தின பேச்சு, இன்னும் பேசலை.

ஓப்ரென்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

தேசங்கா: செத்தவன் பக்கத்துல இருந்து பேரை எடுத்தவ, நாளைக்கு என் பக்கத்துல இருந்தும் எடுத்துடுவாள்னு நீ நினைச்சிட்டா? நீயா கல்லறைக்கு வந்து பாப்பேன்னு இருந்தேன். நீதான் வரவே மாட்டேங்கறியே.

ஓப்ரென்: ஞாயித்துக்கிழமை வரேன். அவனுக்கு நானும் ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்.

தேசங்கா: வா. மிலென்கோ வேற, எனக்கு வெட்டப்போற புதுக்கல்லுக்கு அளவு கேக்கறான். ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கான்னு.

ஓப்ரென்: என்ன சொன்ன?

தேசங்கா: வீட்டுல கேட்டுச் சொல்றேன்னேன். இப்போ உண்மையைச் சொல்லு. இன்னைக்கும் முள்ளு குதிச்சிருந்தா ஃப்ளாட்டுக்குப் போயிருப்பியா?

ஓப்ரென்: எந்த ஃப்ளாட்டுக்கு? கல்யாணத்துக்கு மறுநாளே சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன், தேசா. இன்னைக்கும் குதிச்சிருந்தா, போய் வேற டியூப் வாங்கிட்டு வந்திருப்பேன்.