மண்டபத்துச் சமையலறை

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நாகர்கோவில் பேச்சுள்ள ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

“நம்ம சாம்பார் நல்லா இருந்ததுதான் தப்பு,” என்றாள் அவள்.

“மண்டபத்துக்காரர் என்ன சொன்னாரு?”

“கல்யாணம் இல்லாத நாள்ல சமையலறைய நமக்கு வாடகைக்கு விட்டாருல்லா, இனி விடமாட்டாராம். ஹாஸ்டல்களுக்கு அவரே சாப்பாடு கொடுக்கப் போறாராம்.”

“நாம அலைஞ்சு பிடிச்ச ஹாஸ்டல்களுக்கா?”

“எல்லாத்துக்கும்தான்.”



“பின்னே, யாரு சமைப்பாங்களாம்?”

“என்னைத்தான் கேட்டாரு. மாசச் சம்பளத்துக்கு.”

“நீ என்ன சொன்ன?”

“நாளைக்குக் காலையில வாரேன்னு சொல்லிட்டேன்.”

“சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க நான் வரணுமா?”

அவள் குரல் இறங்கிவிட்டது.

“அதுக்கு வேனும் டிரைவரும் இருக்காம்.”