முகாம் இருந்த இடத்துத் தேநீர்

புலம்பெயர்ந்த நாட்டில், விட்பி நகருக்குப் போகும் ரயிலில் என் முன்னிருக்கையில் இரண்டு ஈழத்துப் பெண்கள். இளையவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னோட வேலை செய்யிற சிலி நாட்டுக்காரி சொன்னவள். இராணுவ ஆட்சியில ஆக்களை அடைச்சு வதைச்ச வீட்டை அங்க நினைவிடமாக்கி இருக்கினமாம். சுவரில அவளின்ர தமையன்ர பேரும் கிடக்காம்.”

“குடுத்து வச்சவள்,” என்றார் மூத்தவர்.

“என்ன அன்ரி, அப்பிடிச் சொல்லுறியள்?”

“ஆமி என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டுபோய் வச்சிருந்த காம்ப் இப்ப ஆமியே நடத்திற தேத்தண்ணிக்கடை. போன வரியம் ஊருக்குப் போகேக்க பஸ்காரன் அங்கதான் நிப்பாட்டினவன்.”

“நீங்கள் இறங்கேல்லைத்தானே?”

“இறங்கினனான். அவனை எங்க வச்சிருந்திருப்பாங்கள் எண்டு சுத்திப் பாத்தன். ஒரு அடையாளமும் இல்லை. பிறகு எல்லாரோடயும் இருந்து தேத்தண்ணி குடிச்சன். நல்லாத்தான் இருந்தது, பிள்ளை.”