மாட்டுக்குச் சொன்ன வைத்தியம்

இருங்க அமீனய்யா, அளவுச் சங்கிலி எங்கன ஓடிப்போகப் போகுது. முதல்ல மோரக் குடிங்க. கோர்ட்டு சொல்லி, வீட்ட ரெண்டா அளந்து சுவருக்குக் கோடு போட வந்திருக்கீக, போடத்தான் போறீக. நானா தடுக்கேன்?

தொட்டில்ல கெடக்கது எங்க கொழுந்தன் வைத்தியலிங்கத்துப் பிள்ள. சோறூட்டுனதுல இருந்து வயிறு கட்டிப்போச்சு. நேத்தெல்லாம் முக்குதான், மூஞ்சி செவக்கு, ஒண்ணும் வரல. அவன் அம்மை ஞானம்பாளுக்கு இது தலைச்சன், என்ன செய்யன்னு தெரியாம அவளும் சேந்து அழுவுதா. நடு முத்தத்துக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன். ஆனா அண்ணனும் தம்பியும் வழக்குப் போட்டதுல இருந்து நாங்க பேசக் கூடாதுல்லா. ஆம்பளைக உத்தரவு.

மாட்டோட பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. தொழுவத்துல நின்னுக்கிட்டு, ஏ லெச்சுமி, பிள்ளைக்கு வெந்நிய ஆத்திக் கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா என்னன்னு சத்தமா கேட்டேன். அங்கன அடுப்பு ஊதுத சத்தம் கேக்கு. ஏ லெச்சுமி, விளக்கெண்ணெய அடிவயித்துல பைய தடவி, கால மடக்கி மடக்கி நீட்டணும்டின்னேன். கொஞ்சங் கழிச்சு ஞானம்பாள் சொல்லுதா, லெச்சுமி, மடக்கிப் பாத்துட்டேன், அசையலையேன்னு. மாடு பாவம், இங்கனயும் அங்கனயும் தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கு.

நீங்க சிரிக்கீக. எனக்கு அப்பம் சிரிப்பு வரல. அழுது அழுது பிள்ளைக்குத் தொண்ட கட்டிப்போச்சு. பொறுக்க மாட்டாம முத்தத்தத் தாண்டிப் போயி, வாங்கி மடியில போட்டேன். ஒரு வெத்தலக் காம்பு வேணும்னேன். அந்த வீட்ல யாரும் வெத்தல போடமாட்டாக. போடுதது எங்க வீட்டுக்காரக மட்டுந்தான்.

கொழுந்தன் எங்க நிலப்படியில போயி நிக்கான். அண்ணே, ஒரு வெத்தலக் காம்பு. வழக்குக்குப் பொறவு பேசுன முதப் பேச்சு அதுதான். இவுக வெத்தலச் செல்லத்த அப்படியே தூக்கிட்டு அவனுக்கு முன்னால நடந்தாக.

காம்ப விளக்கெண்ணெயில தொட்டு, பிள்ளைக்கு அடியில பைய வச்சேன். இவுகதான பெரியப்பா, பிள்ளையக் கையில வாங்குனாக. சலவை வேட்டி தவிர வேற உடுத்தாத மனுசன். வாங்குனதுதான் தாமசம், மார்ல இருந்து முழங்கால் வரைக்கும் அபிஷேகம். அதுக்கு அந்த மனுசன் துள்ளுதாக, போயிட்டான்லே வைத்தி, போயிட்டான்னு. தெருவுக்கே கேட்டிருக்கு. எதுத்த வீட்டு உலகம்மாள் தலைய விரிச்சுப் போட்டு, மாருல அடிச்சுக்கிட்டு ஓடியாந்துட்டா, அய்யோ யாரு போனதுன்னு. அவ ஒப்பாரிக்கு நடுவுல அண்ணனும் தம்பியும் கெட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காக. சிரிச்சாகளோ அழுதாகளோ, எனக்குத் தெரியல.

ஆம்பளைகளா? விடியமுன்னயே ஒரே வண்டியில கெளம்பிட்டாக. வழக்கு வேண்டாம்னு கோர்ட்டுல எழுதிக்குடுக்கத்தான். நான் சொன்னா நீங்க நம்புவீகளா, உங்களுக்கு உத்தரவு உத்தரவுதான. அதான் அவுக வாற வரைக்கும் உங்கள உக்கார வச்சுப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்கக்கான்னு ஞானம்பாள் சொன்னா.

இன்னொரு செம்பு மோர் ஊத்தட்டுமா?