வாய் திறக்காத கம்ப்யூட்டர்

எண்பதுகளின் நடுவில் ஒரு மாலை, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் ஆபீஸ் முடிந்து வரும் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் புத்தகம்.

"வேலைய முடிச்சாலும் அது வாயே திறக்காது அக்கா," என்றாள் அவள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"எதுடி ரீட்டா?"

"எங்க ஆபீஸ்ல புதுசா வச்சிருக்காங்கல்ல, அந்தக் கம்ப்யூட்டர். பழசுகிட்ட பிரிண்ட் பண்ணச் சொன்னா, பண்றேன்னு ஸ்கிரீன்ல சொல்லும். இது கம்முன்னு இருக்கு. வேலை செய்யலன்னு நெனச்சு திரும்பத் திரும்ப அடிச்சேன். ஏழு தடவை."

"பிரிண்டர் பக்கத்துல இல்லையா?"

"கீழ் மாடியில லா. மேனேஜர் ரூம் வாசல்ல."

"அப்ப ஏழு காப்பி வந்திருக்குமே."

"வந்துச்சு. அவரே எடுத்துக்கிட்டு மேல வந்தாரு."

"அப்படி என்ன லெட்டர்?"

ரீட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்த மெஷின் எனக்கு ஒத்துவரல, பழைய மெஷின் இருக்கிற செக்‌ஷனுக்கே மாத்தி விடுங்கன்னு அவருக்குத்தான் எழுதியிருந்தேன்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைத் தட்டினாள். "இதுல ஒண்ணும் போடலையா?"

"போட்டிருக்கு. இப்பதான் படிச்சேன். அது ஒண்ணும் சொல்லலன்னா வேலை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமாம்."

"சரி, மேனேஜர் என்ன சொன்னாரு?"

"ஏழு லெட்டரையும் என் மேசையில வச்சாரு. அதுக்கு மேல இந்தப் புத்தகத்த வச்சாரு. ஒண்ணும் சொல்லாம கீழ போயிட்டாரு."