தொமல்டாக் மீசைக்குப் பாராட்டு விழா

விழாத் தலைவரும் விழா நாயகருமான தொமல்டாக் அவர்களே, வழக்கறிந்த நீதிமான்களே, மழையென்றும் பாராமல் மீசையோடு திரண்டிருக்கும் வீரர்களே, காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழாம் ஆண்டை உலகம் மறக்காது. இந்த ஆண்டில்தான் ஆங்கிலேய அரசரின் மன்றம் டப்ளினில் கூடி, நம் நாட்டைப் பிடித்த பெரும் பீடை எது என்று ஆராய்ந்தது. பஞ்சமா? இல்லை. படையெடுப்பா? இல்லை. கொள்ளைநோயா? அதுவும் இல்லை. நம் மேலுதட்டு முடி! மீசை வைப்பது குற்றம் என்று சட்டமே வந்துவிட்டது.

அந்தச் சட்டம் நம் தலைவரை எங்கே மறித்தது? போன வியாழக்கிழமை, நகர மதிலின் வாசலில். ஞாயிறன்று மதிலுக்குள் அவருடைய ஒரே மகள் ஃபின்வாலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கையுறை தைப்பவர்.

"மீசைய எடுத்துட்டு உள்ள போங்க, பெரியவரே. கத்தி நானே தர்றேன்" என்றார் வாசற்காவலர் வால்டர்.

"தம்பி, உங்க அரசன் என் மாட்ட வேணா ஓட்டிட்டுப் போகட்டும். இதுல கை வச்சா நடக்கிறதே வேற!"

கோர்ம்லா அம்மையார் கணவரின் போர்வையைப் பிடித்து இழுத்தார். "ஏன்யா, மக கல்யாணம் பெருசா, இந்த மசுரு பெருசா?"

அப்போதுதான் நம் பழைய வழக்கம் கைகொடுத்தது. நியாயம் கிடைக்காதவன் எதிராளியின் வாசலில் பட்டினி கிடக்கலாம். வழக்கு முடியும்வரை எதிராளியும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் தோற்றான்.

தலைவர் உட்கார்ந்தார். வியாழன் போனது, வெள்ளி போனது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். அம்மையார் ஓட்ஸ் கூழை ஆற்றி ஆற்றி முகத்துக்கு நேரே நீட்டினார். மூக்கு ஆடியது. மீசை ஆடவில்லை!

சனிக்கிழமை நண்பகலில் வால்டர் வாசற்படியில் அமர்ந்து, ஒரு முழு சால்மன் மீனை முள் எடுத்து நிதானமாகத் தின்றார். தலைவர் துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா? தின்னுட்டான்! நான் ஜெயிச்சுட்டேன்!"

"என்ன பெரியவரே, உங்களுக்கும் ஒரு துண்டு வேணுமா?"

யாரது பின்வரிசையில்? "தோத்தவனுக்குத் தோத்தது தெரியுமா" என்றா கேட்கிறீர்கள்? தெரியாது, ஐயா. குருடன் பார்க்காவிட்டால் சூரியனுக்கா நட்டம்?

தாய்மார் பக்கமிருந்து கோர்ம்லா அம்மையார், "அவருக்குக் கதவு தொறந்துச்சா, அதச் சொல்லு" என்கிறார். அம்மா, இது கொள்கை பேசும் மேடை. கதவைப் பற்றிப் பேச ஒரு தச்சரை அழைப்போம்.

மழித்தால் வழிவிடுவோம் என்றார்கள், மழித்தாரா? பணிந்தால் பந்தியில் இடம் என்றார்கள், பணிந்தாரா? மதில் உயர்ந்தது, அந்த மதிலினும் மானம் உயர்ந்தது, அந்த மானத்தினும் மீசை உயர்ந்தது! மன்னரும் மன்றமும் மதிலும் சேர்ந்து ஒரு மயிரையாவது உதிர்க்க முடிந்ததா? இதோ, இரு முனையும் முறுக்கேறி, முழுதாக, நம் முன்னே வீற்றிருக்கிறது!

இந்த வெற்றியைப் பாராட்ட என்னை அழைத்த பெரியோர்க்கும், நனைந்தபடி கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, தலைவரை வணங்கி அமர்கிறேன். கல்யாணம் ஞாயிறு காலை மதிலுக்குள் நடந்தது. தகப்பன் இடத்தில் நின்று மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் வால்டர்.